குரங்கணி: எல்லோரும் கடந்து போகும் ஊர்

மலைக்குடிகளின் நடைவழியாக இருந்து, தேயிலைக் கம்பெனியின் வாசலாக மாறி, இன்று நகரத்து மலையேற்றப் பிரியர்களின் பெயர்ப்பட்டியலில் இடம்பெற்றிருக்கும் போடிமலை அடிவாரக் கிராமத்துக்கு, அந்த வழியே போனவர்கள் விட்டுச் சென்றது என்ன?

போடிநாயக்கனூரிலிருந்து வரும் காலைப் பேருந்து குரங்கணியில் வந்து நின்று, காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குச்சட்டியோடு இறங்கி, டீக்கடை வாசலில் ஒரு கிளாஸ் வாங்கி ஆற்றிக் குடித்துவிட்டு ஒற்றையடிப் பாதையில் ஏறத் தொடங்குகிற வேளைக்குச் சற்று முன்னதாகவே, அவர்கள் தலைக்கு மேலே, அண்ணாந்து பார்த்தாலும் மேகத்தைத் தவிர வேறொன்றும் தெரியாத உயரத்தில், கொழுக்குமலையின் விளிம்பில் ஜீப்புகள் சாரிசாரியாக வந்து நின்றுவிட்டன. கம்பளித் தொப்பியும் கைப்பேசியுமாக அவற்றிலிருந்து இறங்கியவர்கள், வெண்மேகப் பரப்புக்கு மேலே சூரியன் எழும்பும் அற்புதத்தைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் நிற்கும் பூமி தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் அவர்களை ஏற்றிவந்த ஜீப்பு கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து புறப்பட்டது, ஏனெனில் கொழுக்குமலைக்கு வண்டி போகும் வழி அது ஒன்றுதான். ஜீப்பு வாடகையும் விடுதிக் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே தங்கிவிடுகின்றன. மேகத்துக்குக் கீழே இருக்கும் குரங்கணி, அவர்கள் எடுக்கும் படத்தில் விழுவதில்லை.

போடியிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தூரத்தில், கொட்டகுடி ஆற்றின் ஓரமாக, மூன்று பக்கமும் மலை சூழ அமைந்த இந்தச் சிற்றூரைப் பற்றிக் கம்பம் பள்ளத்தாக்கெங்கும் இப்போது மறுபடி பேச்சு எழுந்திருப்பதற்குக் காரணங்கள் உண்டு. மீட்டர்கேஜ் நின்றுபோய்ப் பன்னிரண்டு வருஷங்களுக்கு மேல் ரயிலின் ஓசையே கேளாதிருந்த போடிக்கு 2023 ஜூன் முதல் அகலப்பாதை ரயில் வந்துவிட்டது. இரவு சென்னையில் படுத்தவர் காலையில் மலையடிவாரத்தில் கண் விழிக்கலாம். அரசாங்கமே முன்னின்று நடத்தும் மலையேற்றத் திட்டத்தில் குரங்கணியும் சேர்க்கப்பட்டிருக்கிறது. குரங்கணியிலிருந்து மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷனுக்குச் சாலை வேண்டும் என்ற பழைய கோரிக்கையும் தேர்தலுக்குத் தேர்தல் உயிர்பெறுகிறது. ஜனங்கள் வரப்போகிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. வந்தால் ஊருக்கு என்ன ஆகும் என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதுவர் நடந்த மலை

தேனி மாவட்டத்தின் தொன்மையைப் பற்றி ஐயப்படுவோர், ஆண்டிபட்டிக்கு அப்பால் உள்ள புலிமான்கோம்பையை ஒரு முறை நினைத்துக்கொண்டால் போதும். 2006-ல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே கண்டெடுத்த மூன்று நடுகற்கள் தமிழ்ப் பிராமி எழுத்துக்களைத் தாங்கியவை. இந்தியாவில் இதுவரை கிடைத்துள்ள எழுத்துடைய நடுகற்களில் அவையே மிகப் பழையவை என்பது ஆராய்ச்சியாளர் பலரின் அபிப்பிராயம். அவற்றில் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலைச் சொல்கிறது. வைகையின் துணையாறுகள் இறங்கிவரும் இந்த நிலத்தில், மாடு மேய்த்தவனும் மாட்டைக் கவர்ந்தவனும் மீட்கப்போய் மாண்டவனும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நடமாடியிருக்கிறார்கள்.

மலைமேலோ வேறு சரித்திரம். அது கல்லில் எழுதப்படாதது. குரங்கணிக்கு மேலே முதுவாக்குடியில் வசிக்கும் முதுவர் என்னும் மலைக்குடியினரின் ஐதீகப்படி அவர்களுடைய முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள். குழப்பமான ஒரு காலத்தில் பிள்ளைகளையும் தெய்வத்தையும் முதுகில் சுமந்துகொண்டு போடி மலைகளின் வழியாக மேற்கே ஏறினவர்கள். ஐதீகத்தைச் சரித்திரமாகக் கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மலையின் இருபுறத்திலும் பரவியிருக்கும் ஒரு சமூகம், மாநில எல்லை என்ற கோடு வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இந்த வழிகளை நடந்து நடந்து அறிந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. கேழ்வரகு விதைத்து, ஏலம் பறித்து, புல்தைலம் காய்ச்சி ஜீவனம் செய்தவர்கள் அவர்கள்; கல்யாணமாகாத வாலிபர்கள் குடிக்குள் தனியாகச் சாவடியில் படுத்துறங்கும் வழக்கமுடையவர்கள். 1816-க்குப் பின் வார்டு, கானர் என்ற இரு ராணுவ அதிகாரிகள் திருவிதாங்கூர் மலைகளை அளந்தபோதும், அவர்களுக்குப் பின்னால் தோட்டக்காரர்கள் வந்தபோதும், காட்டில் வழி காட்ட மலைக்குடிகளே முன்னே நடக்க வேண்டியிருந்தது.

அந்தரத்தில் இறங்கிய தேயிலை

குரங்கணியின் பெயரை வெளியுலகத்தோடு முதலில் சேர்த்துக் கட்டியது தேயிலை. மூணாற்றைச் சூழ்ந்த கண்ணன் தேவன் மலைகளில் தோட்டம் போட்ட கம்பெனிக்காரர்களில் முக்கியமானவர்கள் ஸ்காட்லாந்து தேசத்தார்; தங்கள் மூதாதையர் கெல்ட்டியர் என்றும் தங்கள் மலைக் கிராமங்கள் ஆதி காலத்தவை என்றும் பெருமை கொண்டாடுகிறவர்கள். அப்படிப்பட்டவர்கள் இங்கே வந்து, ஏற்கெனவே பெயரும் தெய்வமும் உடைய மலைக்கு ‘டாப் ஸ்டேஷன்’, ‘சென்ட்ரல் ஸ்டேஷன்’, ‘பாட்டம் ஸ்டேஷன்’ என்று சரக்கு மூட்டைக்கு முகவரி எழுதுவதைப் போலப் பெயர் சூட்டிவிட்டுப் போனார்கள் என்பது வேடிக்கைதான். அந்தப் பெயர்களே இன்றும் நிலைத்திருக்கின்றன. முதுவரும் அவற்றையே சொல்லுகிறார்கள்.

மூணாற்றுத் தேயிலை மேற்கே கொச்சிக்கு இறங்காமல் கிழக்கே போடிக்கு இறங்கியதற்குக் காரணம் பூகோளமே. மலையின் கீழ்ச்சரிவு செங்குத்தானது. ஆகவே குறுகிய தூரத்தில் சமவெளியைத் தொட்டுவிடலாம். மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாகத் தண்டவாளத்தில் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனுக்கு வரும். அங்கிருந்து கம்பி வடத்தில் தொங்கிக்கொண்டு அந்தரத்திலே சுமார் ஐந்து கிலோமீட்டர் இறங்கிக் கொட்டகுடியில் தரை தட்டும். மாட்டு வண்டிகள் போடிக்கு இழுத்துப் போகும். பிறகு ரயில், பிறகு தூத்துக்குடி, பிறகு கப்பல். லண்டனில் ஒரு துரைசானி கோப்பையில் ஊற்றிய தேநீர் குரங்கணியின் தலைக்கு மேலே கம்பியில் ஆடிக்கொண்டு வந்தது என்று சொன்னால் அது கற்பனையன்று.

1924-ல் பெய்த பெருமழை மூணாற்றுத் தண்டவாளங்களை வாரிக்கொண்டு போயிற்று. மறுபடி அவற்றைப் போட யாரும் முன்வரவில்லை. காலக்கிரமத்தில் மலைச்சாலைகள் வந்தன, லாரிகள் வந்தன, சரக்கு வேறு வழி பார்த்துக்கொண்டது. ரோப்வே நின்றது. ஊர் மட்டும் அங்கேயே நின்றது.

[பெட்டிச் செய்தி] தண்டவாளமும் கம்பியும்

1877: பூஞ்சாறு அரச குடும்பத்தாரிடமிருந்து ஜே.டி. மன்றோ மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார்.
1897: கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி ஏற்பட்டது.
1902: குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை.
1908: அதன் இடத்தில் இரண்டடி அகலமுள்ள சிறு ரயில்பாதை.
1924: வெள்ளத்தில் பாதை அழிந்தது.
1928: மதுரை – போடி மீட்டர்கேஜ் பாதை.
2010 டிசம்பர் இறுதி: அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தம்.
2023 ஜூன் 15: போடிக்கு மீண்டும் ரயில்.

2018 மார்ச் 11

பின்னர் வந்தவர்கள் சரக்குக்காக வரவில்லை, மலைக்காகவே வந்தார்கள். கணிப்பொறி அலுவலகங்களில் வாரம் முழுதும் உட்கார்ந்து களைத்த இளைஞர்களுக்கு, சனிக்கிழமை ஏறி ஞாயிற்றுக்கிழமை இறங்கும் மலையேற்றம் ஒரு நல்ல மருந்தாக வாய்த்தது. அதில் தவறேதுமில்லை. தவறு எங்கே நேர்ந்தது என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமை காட்டிற்று.

சென்னையிலிருந்து 24 பேரும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து 12 பேரும் முந்தின நாள் ஏறிக் கொழுக்குமலையில் தங்கிவிட்டு, மறுநாள் குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள். மாசி மாதத்து வெயிலில் ஆளுயரப் போதைப்புல் காய்ந்து சருகாகி நின்ற சரிவு அது. தைலம் நிறைந்த புல். முதுவர் அடுப்பேற்றிக் காய்ச்சி எண்ணெய் எடுக்கும் இனத்தது. கீழேயிருந்து காற்றோடு ஏறி வந்த நெருப்பு அதைப் பற்றியபோது ஓடுவதற்கு இடமில்லை. சமதளத்தில் நகரும் தீக்கும் சரிவில் ஏறும் தீக்கும் பெரிய வித்தியாசம் உண்டு: சரிவில் சுவாலை மேலுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திச் சூடேற்றிக்கொண்டே போவதால், அதன் வேகத்துக்கு மனிதக் கால் ஈடுகொடுக்காது. மேலே ஓடியவர்களைத் தீ துரத்திப் பிடித்தது. பக்கத்தில் ஓடியவர்கள் பள்ளத்தில் விழுந்தார்கள். அன்றும், அதன்பின் ஆஸ்பத்திரிகளில் கழிந்த வேதனையான நாட்களிலுமாக, 23 உயிர்கள் போயின.

புகையைக் கண்டு முதலில் ஏறியவர்கள் யார் என்பதை மறக்கலாகாது. விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வருவதற்கு முன், அன்றிரவு இருட்டில், குரங்கணியின் ஜனங்களும் மலைவாசிகளும் தோட்டத் தொழிலாளர்களும் தாமாகவே ஏறிப்போய், போர்வையைக் கம்பில் கட்டி டோலியாக்கி, வெந்த உடம்புகளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மலையூரில் பிரசவ வலி கண்ட பெண்ணையும் விஷக்கடி பட்டவனையும் தூக்கிப் பழகிய தோள்கள் அவை.

அரசாங்கம் மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடத்தியது. அந்த ஆண்டிலேயே தமிழ்நாடு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. அனுமதி பெற்ற பாதை எது, அனுமதியில்லாத பாதை எது, யார் யாருக்கு அனுமதி கொடுத்தார் என்ற விவாதங்கள் பத்திரிகைகளில் நெடுநாள் நடந்தன. அவை அவசியமான விவாதங்களே. ஆயினும் எனக்குத் தோன்றுகிறபடி, அதிகமாகக் கேட்கப்பட வேண்டியிருந்த கேள்வி வேறு. மாசி, பங்குனியில் அந்தப் புல்வெளியில் நடக்கலாகாது என்பதை அறிந்தவர்கள் அடிவாரத்திலேயே இருந்தார்கள். அவர்களைக் கேட்டுவிட்டு ஏற வேண்டும் என்ற ஏற்பாடு ஏன் இல்லாமல் போயிற்று? காட்டைப் பற்றிய அறிவு ஊரிலே இருந்தது. பயணத்தை நிச்சயிக்கும் அதிகாரம் பல நூறு மைலுக்கு அப்பால், ஒரு கணிப்பொறித் திரையில் இருந்தது.

தடையின் பாரம் யார் தலையில்?

தீக்குப் பின் மலையேற்றத்துக்கு வந்த தடை நியாயமானது. ஆனால் அதன் பாரம் சமமாக இறங்கவில்லை. குரங்கணியில் மலையேறிகளுக்கு வழிகாட்டியாகப் போய்க் கூலி பெற்றவரும், இட்லி அவித்துக் கொடுத்தவரும், ஜீப்பு ஓட்டியவரும் ஒரே நாளில் வருமானம் இழந்தார்கள். மேலேயோ, தனியார் தோட்டத்துக்குச் சூரியநெல்லி வழியே போகும் ஜீப்புகள் சில காலத்துக்குப் பின் பழையபடி ஓடத் தொடங்கின. விபத்தின் பெயர் ‘குரங்கணித் தீ விபத்து’ என்று நிலைத்துவிட்டது. லாபம் மலைக்கு அந்தப் பக்கம், அவப்பெயர் இந்தப் பக்கம் என்றாகிவிட்டது.

2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் இதைச் சீர்செய்யும் முதல் முயற்சி என்று சொல்லலாம். 14 மாவட்டங்களில் 40 பாதைகள் அதில் அடங்கும். குரங்கணி – சாம்பலாறு பாதை அவற்றுள் ஒன்று. முன்பதிவு செய்தவர் மட்டுமே போகலாம். உள்ளூர் இளைஞர்களும் பழங்குடியினரும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக உடன் வருகிறார்கள். 2025-ல் தீப்பருவமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை மலையேற்றம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஏழு வருஷங்களுக்கு முன் இந்த ஒரு நிபந்தனை இருந்திருந்தால்!

இத்திட்டத்தைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. வழிகாட்டிக்குக் கூலி கிடைக்கிறது, மெத்தச் சரி. ஆனால் எந்தப் பாதையைத் திறப்பது, எத்தனை பேரை விடுவது, எந்த மாதத்தில் மூடுவது என்பவற்றைத் தீர்மானிக்கும் மேஜையைச் சுற்றி அந்த வழிகாட்டிக்கு நாற்காலி உண்டா? 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காலங்காலமாகத் தாங்கள் பேணிவந்த சமூக வனவளத்தைக் காத்து நிர்வகிக்கும் உரிமையைக் கிராம சபைக்கு அளிக்கிறது. சட்டப் புத்தகத்தில் இருக்கும் அந்த உரிமை மலையேற்றப் பாதைக்கும் பொருந்தும் என்று நினைத்துச் செயல்பட்டால், குரங்கணி வெறும் புறப்பாட்டு இடமாக இராது.

[பெட்டிச் செய்தி] உப்பு மலையில் ஒரு கிராமம்

கூட்டம் மிஞ்சினால் ஒரு மலைக்கிராமத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு உதாரணமாக, ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலையில், ஏரிக்கும் பாறைக்கும் நடுவே, ஹால்ஸ்டாட் என்ற கிராமம் இருக்கிறது. சரித்திரத்துக்கு முந்திய காலத்திலிருந்தே உப்பு வெட்டப்படும் மலை. 1846 முதல் 1863 வரை ராம்சாவர் என்ற சுரங்க அதிகாரி அங்கே ஆயிரத்துக்கு அருகாகப் புதைகுழிகளைத் தோண்டி வெளிப்படுத்தினார். ஆதி கெல்ட்டியரோடு தொடர்புபடுத்தப்படும் இரும்புக்கால நாகரிகம் ஒன்றுக்கு அந்த ஊரின் பெயரே வழங்குகிறது. 1997-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஜனத்தொகை சுமார் 750; சுற்றுலாக் காலத்தில் ஒரே நாளில் பதினாயிரம் பேர் வரை வந்து போகிறார்கள். சீன தேசத்தார் 2012-ல் அந்த ஊரைப் போலவே இன்னொன்றைக் குவாங்டாங் மாகாணத்தில் கட்டிவிட்டார்கள். அப்படியும் அசலுக்குக் கூட்டம் குறையவில்லை. 2023-ல் ஊரார் தெருவில் இறங்கி, பேருந்துகளின் எண்ணிக்கையை மட்டுப்படுத்தக் கோரிப் போராடினார்கள். படம் எடுக்க மொய்ப்பவர்களைத் தடுக்க ஏரிக்கரையில் மரவேலி ஒன்றும் எழுப்பப்பட்டுப் பின்னர் அகற்றப்பட்டது.

சாலை வந்தால்

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன், காகம் பறக்கும் கணக்கில், கூப்பிடு தூரம். வண்டியில் போக வேண்டுமானால் போடிக்குத் திரும்பி, போடிமெட்டு ஏறி, பூப்பாறை, மூணாறு என்று ஒரு பகல் சுற்ற வேண்டும். முதுவாக்குடிக்கும் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கும் அரிசி மூட்டையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளி வரை எதுவானாலும் மனிதத் தோளையோ பாரம் சுமக்கும் குதிரையையோ நம்பியிருக்க நேரும் நிலை, இருபத்தோராம் நூற்றாண்டுக்கு அழகன்று. இதே போடி வட்டாரத்து ஊத்துக்காடு போன்ற மலையூர்களுக்குத் தேர்தல்தோறும் வாக்குப்பதிவு இயந்திரம் குதிரை முதுகில் போகிறது. படம் பத்திரிகையில் வருகிறது. தேர்தல் முடிந்ததும் குதிரையும் இறங்கிவிடுகிறது, வாக்குறுதியும் இறங்கிவிடுகிறது.

ஆகவே சாலை வேண்டும் என்போரின் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்கள் இரண்டு சாலைகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள் என்று அஞ்சுகிறேன். மலைக்குடிக்கு ஆம்புலன்ஸ் போகும் வழி ஒன்று. மூணாற்றுக்குச் சுற்றுலாப் பேருந்து போகும் வழி மற்றொன்று. முதலாவதற்கு வன உரிமைச் சட்டத்திலேயே இடம் உண்டு: பள்ளிக்கூடம், மருந்தகம், சாலை முதலிய வசதி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையின் பேரில் விட்டுக்கொடுக்கலாம். இரண்டாவதற்கு 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மத்திய அரசாங்கத்தின் சம்மதம் தேவை; செங்குத்தான சரிவை நெடுகிலும் வெட்டவும் வேண்டும். மண்சரிவு கண்ட போடிமெட்டுச் சாலையில் மழைக்காலத்தில் பாறை உருண்டு போக்குவரத்து நின்ற அனுபவம் நம் பள்ளத்தாக்குக்குப் புதிதன்று.

பெருஞ்சாலை வந்தால் வண்டிகள் குரங்கணியில் நிற்குமா? கம்பத்திலிருந்து உத்தமபாளையம், கோம்பை, தேவாரம் வழியாகப் போடிக்கு வரும் வண்டி, நேரே மூணாற்றுக்கு விரைந்து ஏறும். டீக்கடைக்காரர் புழுதியைத்தான் விழுங்குவார். கம்பியில் தொங்கிக் கடந்த தேயிலைப் பெட்டி இந்த ஊருக்குத் தராததைக் கண்ணாடி ஏற்றிய கார் தந்துவிடும் என்று நம்ப எனக்கு ஆதாரம் தெரியவில்லை.

மங்கலதேவியின் ஒரு நாள்

கூட்டத்தை எண்ணி விடுவது நடக்கிற காரியமா என்று கேட்போருக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. கூடலூருக்கு மேலே, வண்ணாத்திப்பாறையில், மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. பெரியாறு புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் அமைந்த அந்தக் கோயிலுக்கு வருஷத்தில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமியன்று மட்டும், பக்தர்கள் அனுமதிக்கப்படுகிறார்கள். பளியன்குடியிலிருந்து நடந்து ஏறுவோர் ஒரு பக்கம், குமுளியிலிருந்து ஜீப்பில் வருவோர் மறுபக்கம். தேனி, இடுக்கி ஆகிய இரு மாவட்ட நிர்வாகங்களும் முன்கூட்டிக் கூடிப் பேசி, தண்ணீர், மருத்துவம், நெகிழிப்பைத் தடை, இறங்க வேண்டிய நேரம் எல்லாவற்றையும் வகுத்துக்கொள்கின்றன. எல்லை யாருடையது என்ற பழைய தகராறு தீராமலிருக்க, அந்த ஒரு நாள் மாத்திரம் ஒழுங்காக நடந்தேறுகிறது. கோயிலுக்கு அதிக நாள் வேண்டும் என்று கோருவோர் உண்டு; அவர்கள் பக்தியை நான் குறை சொல்லேன். ஆனாலும் வரம்பு கட்டினால் ஜனங்கள் வரமாட்டார்கள் என்ற வாதம் அந்த மலையில் ஆண்டுதோறும் பொய்யாகிறது.

கொழுக்குமலைக்கும் அப்படி ஓர் ஏற்பாடு ஏன் கூடாது? நிலம் தேனியைச் சேர்ந்தது, வழி இடுக்கியைச் சேர்ந்தது. இரு நிர்வாகங்களும் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு இத்தனை ஜீப்பு என்று வகுத்து, ஒவ்வொரு ஜீப்பிலிருந்தும் ஒரு சிறு தொகையைக் குரங்கணி அடங்கிய கொட்டகுடி ஊராட்சிக்கு ஒதுக்கி, அதைக்கொண்டு கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடு வெட்டவும், தீக்காவலுக்கு முதுவாக்குடி, குரங்கணி இளைஞர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தவும் செய்யலாம். கீழே பிடிக்கும் தீ மேலே இருப்பவரை நோக்கி ஏறி வரும் என்பதை 2018 நிரூபித்துவிட்டபடியால், இது தர்மமாகக் கேட்கும் பணமன்று. காவலுக்குக் கேட்கும் கூலி.

இதற்கு அவகாசமும் அளவாகத்தான் இருக்கிறது. தீ விபத்து நேர்ந்த அதே 2018-ல், மழைக்குப் பின், இந்த மலைச்சரிவுகளில் குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு வருஷக் கணக்குப்படி அடுத்த பூப்பு 2030. மூணாற்றுக்கு வரும் ஜனத்திரள் அப்போது இந்தப் பக்கமும் வழியும்; அதற்குள் போடிக்கு ரயில்களும் கூடியிருக்கக்கூடும். நாள் ஒன்றுக்கு எத்தனை பேர், எந்த வழியே, யாருடன் என்ற மூன்று கேள்விகளையும் கொட்டகுடி கிராம சபையின் முன் இந்த வருஷமே வைத்து, அவர்கள் சொல்லும் எண்ணை வனத்துறை ஏட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.